செலவுப் பிணை: காணி வழக்கில் அப்பீல் போகிறவர் கட்டும் காசு எதற்கு?

வன்னியில் ‘பிணை’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது பொலிசும் நீதவான் நீதிமன்றமும்தான். ஒருவரைப் பிடித்தார்கள், பிணையில் விட்டார்கள் என்ற அளவில் அந்தச் சொல் பழகிவிட்டது. அதே சொல் காணி வழக்கில் வரும்போது குழப்பம் தொடங்குகிறது. “அவன் அப்பீலுக்குப் பிணை கட்டிப்போட்டான், இனி ஒருத்தரும் காணியில கால் வைக்கேலாது” என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவர் சொல்வார். “அப்பீல் போறதெண்டால் காணி விலையில பாதியைக் கோட்டில கட்டவேணும்” என்பார் பக்கத்தில் இருப்பவர். இரண்டும் பிழை. முதலாவதை நம்பியவர், தீர்ப்பை நிறைவேற்ற நீதிமன்றம் அனுப்பும் அலுவலரான பிஸ்கல் வீட்டுக்கு வந்து நிற்கும்போதுதான் விழித்துக்கொள்கிறார். இரண்டாவதை நம்பியவர் நல்ல வழக்கை மேன்முறையீடு செய்யாமலே விட்டுவிடுகிறார்.

திருப்பி அளக்கச் சொல்கிறவர்

ஒரு வயல் எல்லைத் தகராறை எடுத்துக்கொள்வோம். நிலஅளவையாளர் வந்து அளந்து கல் நாட்டிவிட்டார். தோற்றவர் விடவில்லை: “அண்ணை, சங்கிலி பிழை. திருப்பி அளப்பம்.” வென்றவர் என்ன சொல்வார்? “அள. ஆனா நான் இன்னொரு நாள் வேலையை விட்டிட்டு வரவேணும், என்ரை ஆளையும் கூட்டிவரவேணும். அந்தச் செலவுக்கு ஒரு காசைப் பொதுவான ஆளிட்டைக் குடுத்து வை. திருப்பி அளக்கேக்கை நீ சொன்னது சரியெண்டால் உன்ரை காசை நீ எடு. பிழையெண்டால் என்ரை செலவை அதிலை நான் எடுப்பன்.”

செலவுப் பிணை என்பது இவ்வளவுதான். திருப்பி அளக்கச் சொல்பவர் மேன்முறையீட்டாளர், வென்று நிற்பவர் எதிர்மனுதாரர், பொதுவான ஆள் நீதிமன்றம். எடுத்துக்காட்டில் வென்றவர் கேட்டது காணியின் விலையை அல்ல, இரண்டாவது தடவை வந்துபோகும் செலவை மட்டும் என்பதைக் கவனியுங்கள். தோற்றவர் கட்டுவதும் தண்டப்பணம் அல்ல. காசு இன்னும் அவருடையதுதான், தற்போதைக்குக் கட்டுண்டு கிடக்கிறது.

செலவு என்றால் எந்தச் செலவு?

வழக்கில் ‘செலவு’ என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. தோற்றவர் வென்றவருக்குக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிடும் தொகைதான் வழக்குச்செலவு. வென்றவர் உண்மையில் செலவழித்த எல்லாம் அதில் அடங்காது. மல்லாவியிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ தவணைக்குத் தவணை பஸ் ஏறி வந்தது, சட்டத்தரணிக்குக் கொடுத்தது, கூலி இழந்தது எல்லாவற்றையும் கூட்டினால் வரும் தொகை வேறு. நீதிமன்றம் சட்டத்தின் அளவுகோலின்படி ஏற்றுக்கொள்ளும் தொகை வேறு. பின்னது பெரும்பாலும் மிகச் சிறியது. செலவுப் பிணையும் இந்தச் சிறிய தொகையை மனதில் வைத்தே வாங்கப்படுகிறது. அதனால்தான் அது காணியின் பெறுமதிக்குக் கிட்டவும் நெருங்குவதில்லை.

சுருக்கமாக: செலவுப் பிணை, மேன்முறையீட்டில் எதிர்த்தரப்புக்கு ஏற்படக்கூடிய வழக்குச்செலவுக்கான காப்பு. காணிக்கான காப்பு அல்ல.

ஒரே சொல், மூன்று பிணைகள்

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில், அதாவது இலங்கையின் குடியியல் வழக்குகள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் சட்டத்தில், காணி வழக்காடுபவர் எதிர்கொள்ளக்கூடிய பிணைகள் மூன்று. மூன்றையும் ஊரில் ‘பிணை’ என்றே சொல்கிறோம்.

முதலாவது, நாம் பேசிக்கொண்டிருக்கும் மேன்முறையீட்டுச் செலவுப் பிணை. இது 755ஆம் பிரிவில் இருக்கிறது. யாரும் கேட்கத் தேவையில்லை. மேன்முறையீடு செய்கிறவர் தானாகவே கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, வெளிநாட்டில் இருந்துகொண்டு வழக்குப் போடுபவர் கொடுக்க நேரும் பிணை. 416ஆம் பிரிவு இதைப் பற்றியது. ரொரன்ரோவில் இருக்கும் தம்பி, அட்டர்னி தத்துவத்தில் வவுனியா மாவட்ட நீதிமன்றத்தில் காணி வழக்குப் போடுகிறார் என்று வைப்போம். அவர் தோற்றால் எதிராளி தன் செலவை எங்கே போய் அறவிடுவது? ஆகவே எதிராளி கேட்டாலோ, நீதிமன்றம் தானாக நினைத்தாலோ, செலவுக்குப் பிணை கொடு என்று கட்டளையிடலாம். கொடுக்காவிட்டால் வழக்கே தள்ளுபடியாகலாம். ஆனால் வழக்காளி ஒருவரேயாகி அவர் வெளிநாட்டில் இருந்தால், அல்லது வழக்காளிகள் எல்லோருமே வெளிநாட்டில் இருந்தால்தான் இது பொருந்தும். அக்கா கிளிநொச்சியில் இருந்து அவரும் உண்மையாகவே ஒரு வழக்காளியாக இருந்தால் இந்தப் பிரிவு வராது. அப்பீலோடு இதற்கு நேரடித் தொடர்பில்லை.

மூன்றாவதுதான் ஆட்களைக் கவிழ்க்கிறது. தீர்ப்பை நிறைவேற்றுவதை நிறுத்திவைப்பதற்கான பிணை. 763ஆம் பிரிவு. இதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும்.

அப்பீல் போட்டால் காணியை விட்டு எழும்பத் தேவையில்லையா?

மேன்முறையீடு போட்டதாலும் செலவுப் பிணை கட்டியதாலும் மட்டும் தீர்ப்பு உறங்கிப்போவதில்லை. வென்றவர், அப்பீல் நிலுவையில் இருக்கும்போதே, மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் “தீர்ப்பை நிறைவேற்றித் தாருங்கள்” என்று எழுத்தாணை, அதாவது ஊரில் சொல்லும் ‘ரிட்’, கேட்கலாம். அப்படிக் கேட்கும்போது தோற்றவரையும் அந்த விண்ணப்பத்தில் ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டும்; அவர் சொல்வதையும் நீதிமன்றம் கேட்கும். அவர் அங்கே காட்ட வேண்டியது, இப்போதே வெளியேற்றினால் தனக்குக் கணிசமான இழப்பு வரும் என்பதை. குடியிருக்கும் வீடு இடிபடும், பயன்தரும் தென்னைகள் தறிபடும், வெளியேறிப் போக வேறு இடமில்லை என்பன போன்றவை. நீதிமன்றம் அதை ஏற்றாலும் சும்மா நிறுத்தாது. கடைசியில் அப்பீலில் தோற்றால் தீர்ப்பின்படி நடப்பதற்கு ஒரு பிணை கேட்கும்.

இந்தப் பிணையின் கணக்கு முதலாவதைப் போன்றதல்ல. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் 2 ஏக்கர் வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பீல் முடியும்வரை தோற்றவர் காலபோகமும் சிறுபோகமும் செய்து விளைவை எடுப்பார். கடைசியில் வென்றவர் பக்கம் தீர்ந்தால், இடையில் போன அத்தனை போகத்தின் பலனுக்கும் யார் பொறுப்பு? நீதிமன்றத்தின் கண் அங்கேதான் இருக்கும். ஆகவே தொகை பெரிதாக வரலாம். ‘அப்பீலுக்குப் பெரிய காசு வேணும்’ என்ற ஊர்ப்பேச்சு இந்த மூன்றாவது பிணையைப் பார்த்து வந்தது, ஆனால் பழியை முதலாவது சுமக்கிறது.

எனவே அப்பீல் போடும் அன்றே சட்டத்தரணியிடம் கேட்க வேண்டிய கேள்வி, “எதிர்த்தரப்பு ரிட் எடுத்தால் நாங்கள் என்ன காட்டப்போகிறோம்?” என்பது.

எந்தத் தகராறுக்கு இது வரும், எதற்கு வராது

வன்னியில் காணிப் பிரச்சினை எல்லாமே மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவதில்லை. உறுதிக்காணிக்கு உரித்துக் கேட்கும் வழக்கு, பத்து வருடம் ஆட்சி செய்ததால் காணி தனதென்று சொல்லும் வழக்கு, எல்லை வழக்கு, பங்கு பிரிக்கும் வழக்கு, ஆளை வெளியேற்றக் கேட்கும் வழக்கு ஆகியவை மாவட்ட நீதிமன்றத்துக்குரியவை. அவற்றின் இறுதித் தீர்ப்புக்கு எதிராகப் போகும்போதுதான் 755ஆம் பிரிவின் செலவுப் பிணை. 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, இந்த மேன்முறையீடுகள் முதலில் கொழும்புக்குப் போகாமல் மாகாணத்துக்கான குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போகின்றன. அறிவித்தலும் மனுவும் கொடுக்கும் இடம் மட்டும் தீர்ப்புச் சொன்ன அதே மாவட்ட நீதிமன்றம்.

பொலிஸ் கொண்டுபோகும் ‘66ஆம் பிரிவு’ வழக்கு வேறு. காணியால் அடிபிடி வரப்போகிறது என்று 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் கீழ் தாக்கல் செய்வது அது. அதில் யார் தற்போதைக்கு ஆட்சியில் இருக்கலாம் என்றுதான் தீர்மானிப்பார்கள். அந்தத் தீர்மானத்துக்கு மேன்முறையீடே கிடையாது. மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்கலாம். அப்பீல் இல்லாத இடத்தில் அப்பீல் பிணையும் இல்லை. பெர்மிட் காணியில், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியில், பிரதேச செயலாளர் எடுத்த முடிவும் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு அல்ல, அதற்கும் வழி வேறு. வழக்கு நடுவில் வரும் தடையுத்தரவு போன்ற இடைக் கட்டளைகளை எதிர்ப்பதென்றால் முதலில் அனுமதி பெற வேண்டும். அது இன்னொரு பாதை.

14 நாள், 60 நாள்

மேன்முறையீடு இரண்டு கட்டமாகப் போகிறது. முதலில் ‘மேன்முறையீட்டு அறிவித்தல்’: நான் இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை, மேலே போகிறேன் என்று சொல்லும் சிறிய பத்திரம். பிறகு ‘மேன்முறையீட்டு மனு’: ஏன் ஏற்கவில்லை என்று காரணங்களை விரித்துச் சொல்வது. செலவுப் பிணை முதலாவதோடு சேர்ந்து போக வேண்டும்.

அறிவித்தலுக்கு 14 நாள். தீர்ப்புச் சொன்ன நாள் கணக்கில் வராது. ஞாயிறும் பொது விடுமுறையும் வராது. சனிக்கிழமை கணக்கில் வரும், இதில் சறுக்குபவர்கள் பலர். மார்ச் 3 திங்கட்கிழமை தீர்ப்பு, மார்ச் 13 வியாழன் போயா என்று வைப்போம். 4ஆம் திகதி செவ்வாய் முதலாவது நாள். 9ஆம், 16ஆம் திகதி ஞாயிறுகளையும் 13ஆம் திகதி போயாவையும் கழித்து எண்ணினால் 20ஆம் திகதி வியாழன் 14ஆவது நாள். அறிவித்தலைக் கொடுக்கும் நாளையும் சட்டம் கழிக்கச் சொல்கிறது, ஆனால் அந்த ஒரு நாளை நம்பி இருப்பது புத்தியல்ல.

மனுவுக்கு 60 நாள். இங்கே ஞாயிறு, விடுமுறை எதுவும் கழியாது. இந்த 60 நாளும் தீர்ப்புத் தினத்திலிருந்தே ஓடுகிறது, அறிவித்தல் கொடுத்த நாளிலிருந்து அல்ல. மேலே சொன்ன வழக்கில் 60ஆவது நாள் மே 2. நடுவில் சித்திரைப் புத்தாண்டும் மே தினமும் வந்துபோகும், அவையும் எண்ணிக்கையில்தான். அறிவித்தல் கொடுத்த மார்ச் 20இலிருந்து எண்ணி மே 19 வரை நேரம் இருக்கிறது என்று நினைத்தவரின் மனுவை நீதிமன்றம் ஏற்க மறுக்க வேண்டும் என்பது சட்டம்.

தீர்ப்பின் பிரதி இன்னும் கைக்கு வரவில்லை என்பதால் நாள் நின்று கொண்டிருப்பதில்லை. அதேபோல, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் போர்க்கால ஆண்டுகளைப் பற்றிச் சொல்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அது பத்து வருட ஆட்சியின் கணக்குக்கானது. அப்பீல் நாட்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதுவரை: தீர்ப்பு நாளிலிருந்து 14 நாளுக்குள் அறிவித்தல், அதோடு செலவுப் பிணை, அதே தீர்ப்பு நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு.

காசைக் கட்டுவது ஒன்று, ஈடாக்குவது ஒன்று

தொகை எவ்வளவு என்பது நீதிபதி அந்தந்த வழக்குக்கு மனம்போனபடி சொல்வதல்ல. அரசியலமைப்பின் 136ஆம் உறுப்புரையின் கீழ் ஆக்கப்பட்ட நீதிமன்ற விதிகள் அளவையும் வகையையும் சொல்கின்றன. தீர்ப்பு வந்த கையோடு பதிவாளர் அலுவலகத்தில் அன்றைய தொகையைக் கேட்டு, வைப்புச் சீட்டு எடுத்து, அவர்கள் சொல்லும் இடத்தில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டை வழக்கேட்டில் சேர்க்க வேண்டும்.

இத்தோடு முடிந்தது என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. சங்கிலியைக் கொண்டுபோய் அடகுக்கடை மேசையில் வைத்தால் அது அடகாகிவிடாது. இன்ன கடனுக்கு இன்ன நகை ஈடு என்று துண்டு எழுதினால்தான் அடகு. அதுபோலக் கட்டிய காசு எதிர்மனுதாரரின் மேன்முறையீட்டுச் செலவுக்கு ஈடாக நிற்கிறது என்று எழுதிக் கையெழுத்திடும் பத்திரம் ஒன்று வேண்டும். அதற்குப் பெயர் பிணைமுறி. காசு இருக்கிறது, பிணைமுறி இல்லை என்றால், அந்தக் காசு எதற்கென்று நீதிமன்றக் கணக்கில் கிடக்கிறது என்ற கேள்வி எழும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தக் கேள்வியை முதல் ஆட்சேபனையாகவே வைப்பார்.

பிணைக்குப் பதிலாக இன்னொரு வழியும் உண்டு: “எனக்குப் பிணை வேண்டாம்” என்று எதிர்மனுதாரரோ, அவருக்காக வழக்கேட்டில் பதிவான சட்டத்தரணியோ (பதிவுசெய்யப்பட்ட சட்டத்தரணி) எழுதிக் கையெழுத்திட்டுத் தருவது. சகோதரங்களுக்குள் நடக்கும் பங்கு வழக்கில், பேச்சுவார்த்தை இன்னும் அறுந்துபோகாமல் இருந்தால், இதைக் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

அறிவித்தலோடு போக வேண்டிய மற்றொன்று, அதன் பிரதி எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர்ந்ததற்கான சான்று. கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பிய பற்றுச்சீட்டை இணைக்கலாம். எதிர்மனுதாரர் இடம்பெயர்ந்து முகவரி மாறிவிட்டார், வெளிநாடு போய்விட்டார் என்று திணறத் தேவையில்லை. அவருடைய பதிவுசெய்யப்பட்ட சட்டத்தரணிக்கு அனுப்பினால் சட்டத்துக்குப் போதும். பங்கு வழக்கில் பத்துப் பதினைந்து பேர் தரப்பாக இருப்பார்கள், அதில் ஒருவரை விட்டுவிடுவது சுலபம். வழக்கேட்டின் தலைப்பைப் பார்த்துப் பெயர் பெயராக அடையாளமிட்டுக் கொள்ளுங்கள்.

கையெழுத்து யாருடையது என்பதும் முக்கியம். புரொக்சி என்று சொல்லும் நியமனப் பத்திரத்தைக் கொடுத்த சட்டத்தரணி வழக்கேட்டில் இருக்கும்வரை, அறிவித்தலில் கையெழுத்திட வேண்டியவர் அவரே. தோற்ற கோபத்தில் வேறு சட்டத்தரணியிடம் போய், பழைய புரொக்சியை முறைப்படி நீக்காமல், புதியவரின் கையெழுத்தில் அறிவித்தல் கொடுத்தால் அது செல்லாமல் போகலாம்.

பிழை நடந்துவிட்டால்

எல்லாப் பிழையும் வழக்கைக் கொல்வதில்லை. 759(2)ஆம் பிரிவு, மேன்முறையீட்டு நடைமுறையில் தவறோ குறையோ நடந்திருந்தால், எதிர்த்தரப்புக்கு அதனால் உண்மையான பாதிப்பு ஏற்படவில்லை என்று கருதினால், நீதிமன்றம் நிவாரணம் தரலாம் என்கிறது. காசு கட்டிப் பிணைமுறி எழுதாமல் விட்டது இந்த வகைக் குறைதான். 1993ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்று இந்த அதிகாரம் விரிவானது என்றும், தவறுக்குத் தகுந்த சாட்டு இல்லாதபோதும் நிவாரணம் தரலாம் என்றும், எதிர்த்தரப்புக்குப் பாரதூரமான பாதகம் ஏற்பட்டிருந்தால் தர முடியாது என்றும் சொல்கிறது.

நாள் தவறுவது இதைவிடக் கடினமான நோய். 765ஆம் பிரிவின் கீழ், காலம் கடந்தும் மேன்முறையீட்டை ஏற்கும்படி மேல் நீதிமன்றத்திடம் கேட்கலாம். ஆனால் மூன்றைக் காட்ட வேண்டும்: தன் கட்டுப்பாட்டுக்கு மீறிய காரணத்தால்தான் தவறியது, மேன்முறையீட்டில் நல்ல விடயம் இருக்கிறது, இடையில் தீர்ப்பைக் கலைப்பது வென்றவருக்கு அநீதியாகும்படி எதுவும் நடந்துவிடவில்லை. ‘சட்டத்தரணி சொல்லவில்லை’ என்பது முதலாவதுக்குள் இலகுவில் அடங்காது.

காசில்லாதவர் என்ன செய்வது?

வறுமையால் பிணையும் முத்திரைச் செலவும் கொடுக்க முடியாதவர், வறியவராக மேன்முறையீடு செய்ய அனுமதி கேட்கச் சட்டக்கோவையில் தனி அத்தியாயம் உண்டு. இதுவும் நாட்கணக்குக்கு உட்பட்டது, வசதியும் வருமானமும் விசாரிக்கப்படும். கிராம அலுவலரின் வருமானச் சான்று, அஸ்வெசும நலன்புரி உதவி பெறுவதற்கான ஆவணம் போன்றவற்றை முதல் வாரத்திலேயே எடுத்து வைப்பது நல்லது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போவதாக இருந்தால், தீர்ப்பு நாளைக் கையில் எழுதிக்கொண்டு, முடிந்தால் மறுநாளே போங்கள். 13ஆவது நாள் வந்து நிற்பவருக்கு அங்கே உள்ளவர்களாலும் அதிகம் செய்ய முடியாது.

கட்டிய காசு எங்கே போகிறது?

மேன்முறையீட்டில் வென்றால் காசு கட்டியவருக்குத் திரும்ப வர வேண்டும். தோற்று, ‘செலவுடன் தள்ளுபடி’ என்று தீர்ப்பில் இருந்தால் எதிர்மனுதாரர் தன் செலவை அதிலிருந்து எடுக்கக் கேட்கலாம். ‘செலவின்றித் தள்ளுபடி’ என்றால், தோற்றாலும் காசு கட்டியவருடையதே. அந்த வேறுபாடு தீர்ப்பின் கடைசி வரியில் ஒரே சொல்லில் இருக்கும், வாசிக்காமல் விட வேண்டாம்.

எப்படியானாலும் காசு தானாக வீடு தேடி வராது. வழக்கேடு மாவட்ட நீதிமன்றத்துக்குத் திரும்பிய பிறகு, சட்டத்தரணி மூலம் மோசன், அதாவது எழுத்து விண்ணப்பம், போட்டுக் கேட்க வேண்டும். அதற்குள் சில வருடங்கள் ஓடியிருக்கும். கட்டியவர் காலமாகியிருந்தால் உரித்தாளர்கள் அதை நிறுவ வேண்டிவரும். பற்றுச்சீட்டில் இருக்கும் பெயர் வழக்கில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று கட்டும் அன்றே பாருங்கள். மருமகன் அவசரத்தில் தன் பெயரில் கட்டிவிட்டு, பிறகு மாமனாரின் பெயரில் காசைத் திரும்பக் கேட்கும்போது பதிவாளர் அலுவலகம் இருவரையும் அலையவைக்கும். பற்றுச்சீட்டு மங்கும் தாள் என்றால் ஒரு போட்டோப் பிரதி எடுத்து, உறுதியும் பழைய வரைபடமும் இருக்கும் அதே பைலுக்குள் போட்டு வையுங்கள்.